வந்தவாசிப் போரை மேசையில் ஆடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக்கு வெளியே, சில மணி நேரத்துக்குள் ஒரு பெரிய கேள்விக்கு விடை கிடைத்தது. தென்னிந்தியாவில் மேலோங்கப் போவது ஆங்கிலக் கம்பெனியா, பிரெஞ்சுக் கம்பெனியா என்பதே அந்தக் கேள்வி. ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றார், பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. பள்ளிப் பாடத்தில் மூன்றாம் கர்நாடகப் போர் என்ற தலைப்பின்கீழ் ஒன்றிரண்டு வரிகளில் கடந்துபோகும் செய்தி இது. அந்த வரிகளுக்குள் எத்தனை முடிவுகள், எத்தனை தயக்கங்கள், எத்தனை தற்செயல்கள் இருந்தன என்று உணர, அந்தப் போரை மேசைமேல் பரப்பி ஆடிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மேசைப் போர் விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வரைபடம், ஆட்டக்காய்கள், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்டு அமைத்த ஆட்டம் அதிகாரிகளின் பயிற்சிக்கே பயன்பட்டது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைவீரர்களுக்கு விதிகள் எழுதி ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் சரித்திரப் போர்களில் பெரும்பாலானவை வாட்டர்லூ, கெட்டிஸ்பர்க் போன்றவை. நம் ஊர்ப் பக்கத்துப் போரை நாம்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

தொடங்குமுன் ஒன்று. சரித்திரத்தில் நடந்ததை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. கூட்டும் லாலியும் அன்று காலை என்ன அறிந்திருந்தார்களோ, எதை அறியாமல் இருந்தார்களோ, அதே நிலையில் ஆட்டக்காரரை உட்கார வைக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: கதையைப் படியுங்கள்

பொம்மை வாங்கப் போகாதீர்கள். முதலில் படியுங்கள். வந்தவாசிக்கு அடிப்படை நூல் ராபர்ட் ஓர்ம் எழுதிய, இந்தோஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அச்சான அந்த நூலில் அணிவகுப்பும் எண்ணிக்கையும் விரிவாக உண்டு. அது கம்பெனியின் பக்கம் நின்று பேசும் நூல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கூடவே ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் புதுச்சேரியிலிருந்து எழுதியவர். போர்க்களத்தில் இருந்தவர் அல்லர். ஆனாலும் அந்த ஆண்டுகளில் புதுச்சேரியில் நிலவிய பணமுடையையும் பதற்றத்தையும் தமிழிலேயே பதிவு செய்தவர் அவர். புதுச்சேரி சரணடைவதற்குச் சில நாட்கள் முன்பு, 1761 ஜனவரி 12 அன்று அவர் காலமானார்.

படிக்கும்போது தனித் தாளில் நான்கு கேள்விகளுக்கு மட்டும் குறிப்பெடுங்கள்: யார் எங்கே நின்றார்கள்? யார் எப்போது நகர்ந்தார்கள்? எந்த இடத்தில் தளபதிக்கு இரண்டு வழிகள் இருந்தன? எது தற்செயலாக நடந்தது? ஆட்டத்துக்கு வேண்டியது கடைசி இரண்டு கேள்விகளின் விடையில்தான் இருக்கிறது.

நடந்ததன் சுருக்கம் இது. லாலி வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். கூட் கோட்டையைக் காக்க வந்தார். மலையடிவாரத்தை ஒட்டி நகர்ந்து கோட்டையோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள அவர் முயன்றதால், லாலி முகாமிலிருந்து வெளியே வந்து போரிட வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக் குதிரைப்படை ஆங்கிலேயரின் இடப்பக்கத்தைத் தாக்கப் பாய்ந்தது. பீரங்கிச் சூட்டில் நிலைகுலைந்து திரும்பியது. பிறகு லொரேன் ரெஜிமென்ட், முன்னணியில் பன்னிரண்டு பேர் மட்டுமே இருக்கும்படி நீளவரிசையில் திரண்டு கூட்டின் ரெஜிமென்ட்மீது மோதியது. சுமார் 50 கஜ தூரத்தில் ஆங்கிலேயர் சுட்டார்கள். பயனெட் சண்டை நடந்தது. லொரேன் உடைந்தது. அதே வேளையில், பிரெஞ்சு இடப்பக்கத்தில் குளக்கரையை அரணாக்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது. சுமார் 80 பேர் மாண்டோ காயப்பட்டோ வீழ்ந்தார்கள். மேஜர் பிரெரெட்டன் தலைமையில் டிரேப்பர் ரெஜிமென்ட் அந்த அரணைப் பிடித்தது. பிரெரெட்டன் அங்கே உயிர்க்காயம் பட்டார். அதை மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். லாலியின் கூட்டாளிகளாக வந்திருந்த மராத்தியக் குதிரைப்படை சண்டையில் சேரவே இல்லை.

இரண்டாம் படி: படைப் பட்டியல்

எண்ணிக்கையை ஏறத்தாழ வைத்துக்கொண்டால் போதும். கூட்டிடம் ஐரோப்பியர் சுமார் 1,980 பேர் (அதில் குதிரைவீரர் 80), சிப்பாய்கள் சுமார் 2,100, உள்நாட்டுக் குதிரைவீரர் சுமார் 1,250. லாலியிடம் ஐரோப்பியர் சுமார் 2,250 (அதில் குதிரைவீரர் 300), சிப்பாய்கள் சுமார் 1,300. மராத்தியக் குதிரைகள் சுமார் 3,000 என்பது தனிக் கணக்கு. லாலி தன் ஐரோப்பியரில் சுமார் 150 பேரையும் சிப்பாய்களில் 300 பேரையும் கோட்டையை நோக்கிய பீரங்கி மேடைகளிலேயே விட்டுவிட்டு வந்தார். இது முக்கியமான முடிவு. ஆட்டத்தில் இதைப் பிரெஞ்சு ஆட்டக்காரரே எடுக்கட்டும்.

பட்டியலை அணிகளாக மாற்றுங்கள். ஆங்கிலேயரின் முன்வரிசையில் வலப்பக்கம் டிரேப்பர் ரெஜிமென்ட், நடுவில் கம்பெனிப் பட்டாளங்கள் இரண்டு, இடப்பக்கம் கூட் ரெஜிமென்ட், இரு ஓரங்களிலும் சிப்பாய்கள். பின்னால் கிரெனடியர்கள், அதற்கும் பின்னால் குதிரைப்படை. பிரெஞ்சுக்காரர் பக்கம் வலக்கோடியில் குதிரைப்படை, அடுத்து லொரேன், நடுவில் இந்தியப் பட்டாளம் (பிரெஞ்சுக் கம்பெனியின் ஐரோப்பியர்), இடப்பக்கம் லாலி ரெஜிமென்ட், அதன் ஓரத்தில் கப்பற்படையினர் காவல் காத்த குளக்கரை அரண். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அணிகள் வரும். புதியவர் கையாள அது சரியான அளவு.

மூன்றாம் படி: அளவுகோல்

பெரும்பாலான முதல் முயற்சிகள் கெட்டுப்போவது இங்கேதான். மேசையைப் பார்த்து அளவுகோலைத் தீர்மானிக்கிறார்கள். படையின் அகலத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

அக்காலக் காலாட்படை பொதுவாக மூன்று அடுக்காக நின்று சுட்டது. ஒருவருக்குத் தோளோடு தோள் நிற்க அரை மீட்டருக்குச் சற்று மேல் இடம் வேண்டும். ஆக 600 பேர் கொண்ட பட்டாளம் மூன்று அடுக்கில் நின்றால், முன்வரிசையில் 200 பேர், அகலம் ஏறக்குறைய 110 மீட்டர். சிப்பாய்களையும் இடைவெளிகளையும் சேர்த்தால் கூட்டின் முன்வரிசை 700, 800 மீட்டர் வரும். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ஒட்டுப்பலகை போட்டால் 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம் கிடைக்கும். ஒரு செ.மீ.க்கு 8 மீட்டர் என்று வைத்தால் மேசையின் நீளம் 1,440 மீட்டர். படையும் கொள்ளும், பக்கவாட்டில் சுற்றி வரவும் இடம் இருக்கும். 600 பேர் கொண்ட பட்டாளத்தின் அட்டை 14 செ.மீ. நீளம்.

மற்ற எல்லா அளவும் இதிலிருந்தே பிறக்கும். மஸ்கட் துப்பாக்கி 100 மீட்டருக்கு அப்பால் பெரிதாகப் பயன்படாது. அது 12 செ.மீ. கூட்டின் ஆட்கள் சுட்ட 50 கஜம் ஏறக்குறைய 6 செ.மீ. பீரங்கியின் சிதறுகுண்டுக்கு 30 செ.மீ., இரும்புக் குண்டுக்கு 90 செ.மீ. வைத்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கும் அளவு வேண்டும். ஒரு சுற்று ஐந்து நிமிடம் என்று கொள்ளுங்கள். தனியாக நடக்கும் வீரன் அதற்குள் 300 மீட்டர் போய்விடுவான். ஆனால் அகலவரிசை வளையாமல் முன்னேற நின்று நின்று ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். அதனால் அதற்குச் சுற்றுக்கு 10 செ.மீ. மட்டும் கொடுங்கள். நீளவரிசைக்கு 15, குதிரைக்கு 30, கையால் இழுக்கும் பீரங்கிக்கு 5. பதினைந்து சுற்றுகளில் ஆட்டம் முடியும்.

நான்காம் படி: நிலம்

வந்தவாசிக் களம் பெரும்பாலும் திறந்த சமவெளி. பச்சையும் காவியும் கலந்த துணி ஒன்று போதும். கவனம் வேண்டியது இரண்டு இடங்களில் மட்டுமே. ஆங்கிலேயர் நுழையும் மூலையில் மலையடிவாரக் கரட்டு நிலம்: சரளைக்கல்லை அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், குதிரை அங்கே பாதி வேகத்தில்தான் போகும். இன்னொன்று குளக்கரை. தெர்மாகோலை வளைவாக வெட்டி, மணலும் ஃபெவிகாலும் கலந்து பூசி, காய்ந்தபின் பழுப்பு வண்ணம் அடித்தால் அருமையான கரை கிடைக்கும். நம் ஊர்க் குளக்கரைகளை அறிந்தவர்களுக்கு அந்த மண்மேடு ஏன் ஒரு கோட்டைச் சுவருக்குச் சமம் என்று சொல்லத் தேவையில்லை. அதன் பின்னால் படுத்திருப்பவன்மேல் மஸ்கட் குண்டு படுவது அரிது.

கோட்டையை மேசைக்கு வெளியே விட்டுவிடுங்கள். பிரெஞ்சு ஓரத்தின் ஒரு மூலையை ‘கோட்டைக்குச் செல்லும் வழி’ என்று குறித்தால் போதும்.

ஐந்தாம் படி: படைகளைத் தயார் செய்தல்

முதல் ஆட்டத்துக்கு அட்டைகளே போதும். தடித்த சார்ட் அட்டையில் 14 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் வெட்டி, அணியின் பெயரை எழுதி, ஆங்கிலேயருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்கு வெள்ளை அடியுங்கள். விதிகள் சரியாக ஓடுகின்றன என்று தெரிந்தபின் பொம்மைகளுக்குப் பணம் செலவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒரு படைக்கு வண்ணம் அடிப்பது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. பாதி வண்ணம் அடித்த பெட்டியோடு நின்றுபோன ஆர்வங்கள் ஏராளம்.

பொம்மைக்குப் போகும்போது அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 28 மி.மீ. பொம்மை முகம் தெரியும் அளவு பெரியது. அழகு, ஆனால் விலை அதிகம். 6 மி.மீ. பொம்மையில் படையின் திரள் தெரியும். இந்த மேசைக்கு 15 மி.மீ. பொருந்தும் என்பது என் கருத்து: 14 செ.மீ. அட்டையில் வீரர்களை ஈரடுக்காக நெருக்கமாக நிறுத்தலாம்.

முதலில் பிரைமர், பிறகு அடிப்படை நிறங்கள், கடைசியில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால் மடிப்புகள் தானாகத் தெரியும். உடையில் ஒரு சிக்கல் உண்டு. லாலியின் ரெஜிமென்ட் பிரெஞ்சுச் சேவையில் இருந்த அயர்லாந்துப் படை. அவர்கள் அணிந்ததும் சிவப்புச் சட்டைதான். எனவே கொடி இல்லாமல் மேசையில் குழப்பம் வரும். ஒவ்வோர் அணிக்கும் காகிதக் கொடி ஒட்டுங்கள்.

ஆறாம் படி: விதிகள்

கடையில் கிடைக்கும் விதிநூல்கள் பல நூறு பக்கம் நீளும். புதியவருக்கு அவை வேண்டாம். ஒரு தாளில் அடங்கும் விதிகளை இங்கே தருகிறேன். ஆடிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அணிக்கும் ‘உறுதி’ என்று ஆறு புள்ளிகள். சிறிய அணிகளுக்கு நான்கு. சுற்றின் வரிசை: ஆணை, நகர்வு, சூடு, கைகலப்பு. சுடும் பட்டாளம் நான்கு பகடை உருட்டும். 6 முதல் 12 செ.மீ. தூரத்தில் ஆறு விழுந்தால் அடி. 6 செ.மீ.க்குள் ஐந்தும் ஆறும் அடி. ஆட்டத்தில் அந்த அணி சுடும் முதல் சூடு மட்டும், 6 செ.மீ.க்குள் என்றால், நான்கு, ஐந்து, ஆறு மூன்றுமே அடி. ஓர் அடிக்கு ஓர் உறுதி குறையும். குளக்கரைக்குப் பின்னால் இருப்பவர்மேல் எந்தத் தூரத்திலும் ஆறு மட்டுமே அடி. பீரங்கிக்கு இரண்டு பகடை. சிதறுகுண்டுத் தூரத்தில் நான்கும் அதற்கு மேலும் அடி, அதற்கு அப்பால் ஆறு மட்டும். உறுதி தீர்ந்த அணி களத்தை விட்டு ஓடும்.

கைகலப்பில் இரு அணிகளும் ஆளுக்கொரு பகடை உருட்டி, தங்களிடம் மிஞ்சியுள்ள உறுதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நீளவரிசையில் பாய்ந்து வரும் அணிக்கு முதல் சுற்றில் இரண்டு கூடுதல். அந்தச் சுற்றில் முடியாவிட்டால், அடுத்த சுற்றிலிருந்து அகலவரிசைக்கு இரண்டு கூடுதல். தோற்றவர் வித்தியாசத்தின் அளவு உறுதியை இழந்து பின்வாங்குவார்.

நீளவரிசைக்கும் அகலவரிசைக்கும் தரும் இந்தக் கூடுதல் லொரேன் ரெஜிமென்டிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு பேர் முகப்பில் வரும் திரள் மோதும் இடத்தில் வரிசையைப் பிளந்துவிடும். ஆனால் பிளந்த வரிசையின் இரு பக்கமும் மடங்கி அதைச் சூழ்ந்துகொள்ளும். 1760இல் அதுதான் நடந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். கூட்டின் ரெஜிமென்ட் பொறுத்திருந்து 6 செ.மீ.க்குள் முதல் சூட்டைச் சுட்டால், நான்கு பகடையில் சராசரியாக இரண்டு அடி. லொரேனின் உறுதி நான்காகும். மோதும்போது கூடுதல் இரண்டு சேர்ந்து ஆறு. எதிரே கூட்டின் உறுதியும் ஆறு. சரிசமம், பகடைதான் முடிவு செய்யும். கூட் ஆட்டக்காரர் பொறுமை இழந்து 10 செ.மீ. தூரத்திலேயே சுட்டுவிட்டால் லொரேன் பெரும்பாலும் ஏழாகவோ எட்டாகவோ வந்து மோதும். சூட்டை அடக்கி வைத்திருப்பதன் மதிப்பு ஆட்டக்காரரின் கைக்கே புரியும். விதிகள் வேலை செய்கின்றன என்பதற்கு இதுதான் அடையாளம்.

ஆணைக்கு ஒரு விதி. பிரெஞ்சுப் படையில் சம்பளம் பல மாதம் பாக்கி. 1759 அக்டோபரில் ஐரோப்பியப் படையினரே கலகம் செய்திருந்தார்கள். எனவே சூட்டுக்கு எதிரே முன்னேறச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பிரெஞ்சு அணி ஒரு பகடை உருட்டும். ஒன்று விழுந்தால் அந்தச் சுற்றில் நகராது. சிப்பாய் அணிக்கு ஒன்றும் இரண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியச் சிப்பாய் என்றாலே உறுதியைக் குறைத்துப் போடும் பழக்கம் மேல்நாட்டு விதிநூல்கள் பலவற்றில் உண்டு. அதை ஏற்காதீர்கள். வந்தவாசியில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் முன்னேற மறுத்தது உண்மை. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர் சென்னை முற்றுகையின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்ற யூசுப்கானின் சிப்பாய்கள் இதே லாலியின் படைக்கு வரும் பொருட்களை வழிமறித்து அவரைத் திணறடித்தார்கள். சம்பளம், பயிற்சி, தலைவன்மேல் நம்பிக்கை ஆகியவற்றுக்குப் புள்ளி போடுங்கள். தோலின் நிறத்துக்குப் போடாதீர்கள்.

ஏழாம் படி: வெடித்த வண்டியை என்ன செய்வது?

வந்தவாசியை ஆட்டமாக்குவதில் மிகக் கடினமான இடம் இது. வெடிமருந்து வண்டி வெடித்தது போரின் போக்கையே திருப்பியது. அதை விதியாக்கி ‘எட்டாம் சுற்றில் வண்டி வெடிக்கும்’ என்று எழுதினால் பிரெஞ்சு ஆட்டக்காரர் குளக்கரையை அந்தச் சுற்றுக்கு முன்பே காலி செய்துவிடுவார். முற்றிலும் விட்டுவிட்டால் நாம் ஆடுவது வந்தவாசியாக இராது.

என் முடிவு: அதைத் தற்செயலாகவே விடுங்கள், ஆனால் தற்செயலுக்கு ஒரு விலை வையுங்கள். ஆங்கிலப் பீரங்கி குளக்கரையை நோக்கிச் சுடும்போது இரு பகடையிலும் ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். அரணில் உள்ள அணி மூன்று உறுதியை இழந்து ஒரு சுற்று நிலைகுலையும். ஒரு முறை சுட்டால் 36இல் ஒரு வாய்ப்பு. பத்து முறை சுட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆங்கில ஆட்டக்காரர் தன் பீரங்கிகளை அரண்மேல் திருப்பினால் லொரேனைத் தடுக்கப் பீரங்கி இராது. இப்போது வெடிப்பு வெறும் அதிர்ஷ்டமாக நிற்காமல் தேர்வோடு பிணைந்துவிடுகிறது.

எட்டாம் படி: வராத குதிரைப்படை

மராத்தியக் குதிரைகளை நடுவர் வைத்துக்கொள்ளட்டும். வருவார்கள் என்று பிரெஞ்சு ஆட்டக்காரர் நம்பலாம். வரமாட்டார்கள் என்று ஆங்கிலேயர் உறுதியாக இருக்க முடியாது. ஐந்தாம் சுற்று முதல் நடுவர் மறைவாக ஒரு பகடை உருட்டுவார். ஆறு விழுந்தால் வருவார்கள். ஆங்கிலேயர் அதற்குள் இரண்டு அணிகளை இழந்திருந்தால் ஐந்து, ஆறு இரண்டுக்கும் வருவார்கள். வராமலே ஆட்டம் முடிந்தாலும், அந்தப் பயத்துக்காகக் கூட் பக்கம் குதிரைகளையும் சிப்பாய்களையும் பின்னால் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். நடுவர் இல்லாமல் இந்தப் போரை ஆடாதீர்கள்.

அதேபோல் ஆட்டம் தொடங்குமுன் பிரெஞ்சு ஆட்டக்காரர், முற்றுகை மேடைகளில் எத்தனை பேரை விட்டு வருகிறார் என்று தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். யாரையும் விடாவிட்டால் களத்தில் ஓர் அணி கூடும்; ஆனால் கோட்டைக்குள் இருக்கும் படை ஆறாம் சுற்றில் பின்னாலிருந்து வெளியே வரலாம்.

ஒன்பதாம் படி: வெற்றி எது?

எதிரியை அழிப்பதை மட்டும் வெற்றியாக வைத்தால் இருவரும் மேசையின் நடுவில் முட்டிக்கொள்வார்கள். கூட்டுக்குக் கோட்டையோடு சேர வேண்டும். லாலிக்கு அதைத் தடுக்க வேண்டும், படையையும் இழக்கக் கூடாது, ஏனெனில் அவருக்கு மாற்றுப் படை இல்லை. எனவே ஆங்கிலேயரின் ஒவ்வோர் அணியும் கோட்டை வழியை அடைந்தால் இரண்டு புள்ளி. குளக்கரையைப் பிடித்தால் மூன்று. பிரெஞ்சுக்கு, பதினைந்தாம் சுற்றில் உடையாமல் நிற்கும் ஒவ்வோர் ஐரோப்பிய அணிக்கும் இரண்டு, விரட்டிய ஒவ்வோர் ஆங்கில அணிக்கும் ஒன்று.

பத்தாம் படி: ஒத்திகை, பிறகு ஆட்டம்

நண்பர்களை அழைக்குமுன் தனியாக இரு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள். லொரேன் எப்போதும் வென்றாலோ எப்போதும் தோற்றாலோ உறுதிப் புள்ளிகளைத் திருத்துங்கள். ஆட்ட நாளில் பக்கத்துக்கு இருவர், நடுவர் ஒருவர் என ஐந்து பேர் போதும். ஒரு பக்கத்தில் இருவர் இருந்தால், ஒருவரோடொருவர் பேசாமல் சீட்டு எழுதித்தான் செய்தி அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். குதிரையில் சென்ற தூதர்கள் எடுத்துக்கொண்ட நேரம் போல, சீட்டு அடுத்த சுற்றில்தான் கைக்குப் போய்ச் சேரும்.

முடிந்ததும் அரைமணி நேரம் பேசுங்கள். எங்கே முடிவு மாறியது, யார் எதை அறியாமல் செய்தார்கள் என்று நடுவர் சொல்லட்டும். பிறகு பக்கம் மாறி இன்னொரு நாள் ஆடுங்கள். லாலியை 1766இல் பாரிஸில் துரோகக் குற்றம் சாட்டிக் கொன்றார்கள். அவர் இடத்தில் ஒருமுறை அமர்ந்து, சம்பளம் கிடைக்காத படையோடு பதினைந்து சுற்றுகளை ஆடியபின், அந்தத் தீர்ப்பு நியாயமா என்று உங்கள் குழுவே வாக்கெடுத்துப் பாருங்கள்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் வந்தவாசியில் கோட்டையின் எச்சங்கள் இன்றும் உண்டு. விதிகளைத் தாளில் எழுதத் தொடங்குமுன் ஒருமுறை போய் வாருங்கள். அந்தச் சமவெளியில் 50 கஜத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.